சாட்சிக் கூண்டை மறந்த திரைக்கதைகள்

தமிழ்ப் படங்களின் நீதிமன்றக் காட்சிகள் என்றதும் எல்லோருக்கும் முதலில் ‘பராசக்தி’தான் நினைவுக்கு வரும். அதற்கு மூன்று ஆண்டு முந்தியது அண்ணாவின் ‘வேலைக்காரி’. 1949-இல் வெளிவந்த அந்தப் படம் கோவைக்குச் சொந்தமானது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் வரிசையாகப் படமெடுத்துக்கொண்டிருந்த ஜூபிடர் பிக்சர்ஸ், ஊர் ஊராக மேடையேறிய நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கினார். மேடையில் ஆனந்தனாக நடித்த கே.ஆர்.ராமசாமியே திரையிலும் ஆனந்தன்.

கதை தெரிந்ததுதான். வேதாசல முதலியாரின் கொடுமை தாங்காமல் ஆனந்தனின் தந்தை தூக்கிட்டுக்கொள்கிறார். பழிவாங்கக் கத்தியைத் தீட்டும் ஆனந்தனை நண்பன் மணி தடுத்து, புத்தியைத் தீட்டச் சொல்கிறான். கடைசியில் முதலியாரின் மகன் மூர்த்தி கொலைப் பழியில் சிக்கிக் கூண்டில் நிற்கிறான். வடநாட்டு வழக்கறிஞர் வேடத்தில் வந்து வாதாடி அவனை மீட்பவன் அதே ஆனந்தன். சட்டத்தை இருட்டறை என்றும் வழக்கறிஞரின் வாதத்தை அதில் எரியும் விளக்கு என்றும் ஒப்பிட்ட வசனம் அந்தப் படத்தோடு நாடெங்கும் பரவியது. இன்றைக்கும் பட்டிமன்ற மேடைகளிலும் வழக்கறிஞர் சங்க விழாக்களிலும் அந்த ஒப்புமையைக் கேட்கலாம்.

இத்தனை புகழ் பெற்ற அந்த மரபின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. இருட்டறைக்குள் விளக்கைக் கொண்டுவருபவர் வழக்கறிஞர் மட்டும் அல்லர். அவருக்கு முன்னால் ஒருவர் வர வேண்டும். கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை, எதிரியின் முகத்துக்கு நேரே நின்று சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியைத் தமிழ்ப் படங்கள் எழுபத்தைந்து ஆண்டுகளாகச் சரியாகப் பார்க்கவில்லை. கூண்டில் நிற்கும் குற்றவாளி பேசுகிறான், வழக்கறிஞர் பேசுகிறார், நீதிபதி கண் கலங்குகிறார். சாட்சி மட்டும் ஓரிரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறார். படத்தில் மட்டும் இப்படியென்றால் விட்டுவிடலாம். நம் மாவட்ட நீதிமன்றங்களிலும் சாட்சிக்கு இதே மரியாதைதான் கிடைக்கிறது என்பதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

‘வேலைக்காரி’ நாடகத்தின் பின்னாலேயே ஒரு உண்மையான வழக்கு இருக்கிறது. கே.ஆர்.ராமசாமி அந்த நாடகத்தை நடத்தியது ‘கிருஷ்ணன் நாடக சபா’ என்ற தன் சொந்தக் குழுவில். கிருஷ்ணன் என்பது கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் பெயர். குழு தொடங்கிய காலத்தில் கலைவாணர் சிறையில் இருந்தார். தங்களுக்கு வேண்டியவர் ஒருவர் கொலை வழக்கில் தண்டனை பெற்று உள்ளே கிடக்கும்போது, அவர் பெயரைத் தாங்கிய சபா ஊர் ஊராகப் போய், பொய்ப் பழியையும் நீதிமன்றத்தையும் பற்றிய நாடகத்தைப் போட்டது. அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்த வழக்கு தெரியும். மேடை நீதிமன்றத்தைப் பார்த்தபோது அவர்கள் மனதில் சென்னை உயர் நீதிமன்றமும் ஓடியிருக்கத்தான் வேண்டும்.

அதுதான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. அதில் கோவைக்குப் பெரிய பங்கு உண்டு. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்ற மஞ்சள் பத்திரிகைகளை நடத்தி நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த சி.என்.லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். அடுத்த மாதமே எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். கூடவே கோவை எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ‘சிவகவி’யில் பாகவதர் நாயகன், கலைவாணர் நகைச்சுவை, இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு. கோவை ஸ்டுடியோவில் ஒன்றாக நின்று வேலை பார்த்த மூன்று பேரும் ஒரே கொலை வழக்கில் எதிரிகள் வரிசையில் நின்றார்கள்.

ஜூரிகள் முன்னால் விசாரணை நடந்தது. ஸ்ரீராமுலு நாயுடுவுக்காக பம்பாயிலிருந்து கே.எம்.முன்ஷி வந்து வாதாடினார், நாயுடு விடுதலையானார். பாகவதரையும் கலைவாணரையும் ஜூரிகள் குற்றவாளிகள் என்றனர். 1945 மே மாதம் நீதிபதி மாக்கெட் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீடு தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கும்படி சென்னைக்கே திரும்பி வந்தது. வி.எல்.எத்திராஜ் வாதாட, நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் 1947 ஏப்ரலில் விடுதலை தந்தார்கள்.

முதலில் தண்டித்ததும் அதே சாட்சியங்கள்தான், பிறகு விடுவித்ததும் அதே சாட்சியங்கள்தான். நடுவில் புதிதாக யாரும் வந்து உண்மையைக் கக்கவில்லை. கடைசி நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு எவரும் ஓடிவரவில்லை. அரசுத் தரப்புச் சாட்சிகள் சொன்னதை நம்பி ஒருவரைத் தண்டிக்க முடியுமா என்று நீதிபதிகள் வரி வரியாகப் படித்துப் பார்த்து, முடியாது என்றார்கள். அவ்வளவுதான். அதற்குள் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பாகவதர் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. சாட்சியம் என்பது ஒரு மனிதனை எதுவரை கொண்டுபோய்விடும் என்பதை நம் திரைத்துறை தன் உடம்பிலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டது. தெரிந்த பிறகும், அதைப் படமாக எடுக்க வரும்போது சாட்சியத்தை விட்டுவிட்டு வசனத்தை எடுத்துக்கொண்டது. எனக்கு இது இன்னும் ஆறாத வருத்தம்.

அந்தக் காலத்துக்கு வசனம் தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. பண்ணையாருக்கு எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவனுக்கு, நிமிர்ந்து பேச அனுமதி உள்ள ஒரே இடமாக நீதிமன்றம் தெரிந்தது. கோயிலில் பேச முடியாது, ஊர்க் கூட்டத்தில் பேச முடியாது. கூண்டில் ஏறினால், நீ சொல்ல என்ன இருக்கிறது என்று அரசாங்கமே கேட்கும். அந்தக் கேள்வியை நாடகக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம் ‘பராசக்தி’யாகத் திரைக்கு வந்தபோது, குணசேகரன் கூண்டில் நின்று நாட்டையே விசாரித்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த ‘மந்திரி குமாரி’யும் கலைஞரின் நாடகத்திலிருந்து வந்ததுதான். மேடைக்குப் பழகிய எழுத்து, மேடை மாதிரியே அமைந்த நீதிமன்றத்தைத் தேடிப் போனதில் வியப்பில்லை. அந்த வசனங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, அதிகாரத்தை நோக்கிக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டது. அந்தக் கடன் பெரியது.

ஆனால் அந்த மரபு அங்கேயே நின்றுவிட்டது. 1973-இல் வந்த ‘கௌரவம்’, ஒய்.ஜி.பார்த்தசாரதியின் குழு மேடையேற்றிய ‘கண்ணன் வந்தான்’ நாடகத்திலிருந்து எடுத்தது. வியட்நாம் வீடு சுந்தரத்தின் எழுத்தும் இயக்கமும். சிவாஜி பாரிஸ்டர் ரஜினிகாந்த்தாகவும் அவரை எதிர்த்து வாதாடும் வளர்ப்பு மகனாகவும் இரட்டை வேடத்தில் நடித்தார். நடிப்பில் எவரும் எட்டாத படம். என்றாலும் அதில் வழக்கு என்பது இரண்டு வழக்கறிஞர்கள் மோதிக்கொள்ள ஒரு களம் மட்டுமே. யார் செத்தார், யார் பார்த்தார் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பெரியவர் தோற்பாரா, பிள்ளை ஜெயிப்பானா என்றுதான் நாமும் பதைக்கிறோம்.

‘வேலைக்காரி’ வந்த காலத்தில் பிரிட்டனில் எடுத்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டெரன்ஸ் ரட்டிகனின் ‘தி வின்ஸ்லோ பாய்’ 1946-இல் மேடையேறி, 1948-இல் அந்தோணி ஆஸ்குவித் இயக்கத்தில் படமானது. ‘வேலைக்காரி’ படத்துக்கு ஒரு வருடம் மூத்தது. அந்த நாடகமும் உண்மை வழக்கிலிருந்து பிறந்தது. 1908-இல் ஆஸ்பர்ன் கடற்படைப் பள்ளியில் படித்த ஜார்ஜ் ஆர்ச்சர்-ஷீ என்ற 13 வயதுப் பையனை, கூடப் படித்தவனின் ஐந்து ஷில்லிங் போஸ்டல் ஆர்டரைத் திருடி மாற்றிக்கொண்டான் என்று சொல்லி வெளியேற்றினார்கள். கையெழுத்து ஒத்துப்போகிறது என்றார் ஒரு நிபுணர். பையன் தரப்பை யாரும் கேட்கவில்லை. அப்பா ஒரு வங்கி அதிகாரி. மகன் திருடவில்லை என்று உறுதியாக நம்பினார். எட்வர்ட் கார்சன் என்ற பெரிய வழக்கறிஞரைப் பிடித்தார். மன்னரின் கடற்படைத் துறையை எதிர்த்து வழக்காட வழியே இல்லை என்ற சட்டச் சுவரை உடைத்து, 1910 ஜூலையில் வழக்கு விசாரணைக்கு வந்தது.

அந்த வழக்கைத் திருப்பிப்போட்டது கார்சனின் சொற்பொழிவு அல்ல. தபால் அலுவலகத்தில் அன்று கவுண்டரில் இருந்த பெண் ஊழியரின் சாட்சியம். அன்று இரண்டு பையன்கள் அவரிடம் வந்திருந்தார்கள். ஒருவன் போஸ்டல் ஆர்டரை மாற்றினான், இன்னொருவன் வாங்கினான். இரண்டு வேலையையும் செய்தது ஒரே பையன் என்று அவர் சொல்லியிருந்தார். குறுக்கு விசாரணையில் கார்சன் பதமாகக் கேட்டுக் கேட்டு, நடுவில் அவர் வேறு வேலைக்கு எழுந்து போக நேர்ந்ததையும், பையன்களின் முகம் அவருக்கு நினைவில் இல்லை என்பதையும் வெளியே கொண்டுவந்தார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. தான் உறுதியாகப் பார்த்தது எது, தானாக நினைத்துக்கொண்டது எது என்பதை அவரிடம் அதுவரை எவரும் பிரித்துக் கேட்டதில்லை. நான்காம் நாள் அரசுத் தரப்பே பின்வாங்கியது. விடுதலையான அந்தப் பையன் 1914-இல் முதல் உலகப் போரில் செத்துப்போனான் என்பது இந்தக் கதையின் தாங்க முடியாத பகுதி.

ரட்டிகன் இதை நாடகமாக எழுதும்போது ஒரு முடிவு எடுத்தார். நீதிமன்றத்தை மேடையில் காட்டவே இல்லை. நாடகம் முழுக்க அந்த வீட்டுக் கூடத்தில்தான் நடக்கிறது. அதன் உச்சக் காட்சியில் வழக்கறிஞர் மார்ட்டன், வழக்கை எடுப்பதற்கு முன்பு, தன் கட்சிக்காரனான அந்தச் சிறுவனையே நிற்கவைத்து எதிர்த்தரப்பு மாதிரிக் கேள்வி மேல் கேள்வி கேட்டு அழ வைக்கிறார். குடும்பமே பதறுகிறது. முடிந்ததும், பையன் குற்றமற்றவன் என்று சொல்லி வழக்கை ஏற்றுக்கொண்டு கிளம்புகிறார். பேச்சில் தடுமாறலாம், அழலாம், முன்னுக்குப் பின் சொல்லலாம், ஆனாலும் உண்மை சொல்கிறவனை அடையாளம் காண முடியும் என்பதுதான் அந்தக் காட்சி சொல்வது. படமாக்கியபோது ஆஸ்குவித் நீதிமன்றத்தையும் காட்டினார். ஆனாலும் எல்லோர் மனதிலும் நின்றது அந்தக் கூடத்து விசாரணைதான்.

அந்த நாடகத்தில் தீர்ப்பு எப்படி வந்தது என்பதை வீட்டுக்கு வந்து சொல்வது வயலெட் என்ற வேலைக்காரப் பெண். வழக்கறிஞர் அல்ல, அப்பா அல்ல. நீதிமன்றத்துக்குப் போய் நெரிசலில் நின்று தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, மூச்சு வாங்க, தனக்குத் தெரிந்த சொல்லில் சொல்கிறாள். நம் படத்துக்கோ பெயரே ‘வேலைக்காரி’. எனினும் அதன் நீதிமன்றத்தில் நமக்கு நினைவிருப்பது வழக்கறிஞர் வேடமிட்ட ஆனந்தனின் குரல் மட்டுமே. முதலியார் வீட்டு வேலைக்காரி அமிர்தம் கூண்டேறி, அந்த வீட்டில் இத்தனை வருடம் தான் கண்டதைச் சொல்லும் ஒரு காட்சியை அண்ணா எழுதியிருந்தால் தமிழ்ப் படங்களின் போக்கே வேறாகியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சினிமாவிலிருந்து கோவை கோபாலபுரம் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்கு வருவோம். எந்த வேலை நாளில் காலை பத்தரை மணிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சம்மனை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறார். பேருக்கு ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் எதிரியின் மாமனும் மச்சானும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரைப் பார்த்து, ஏனுங்க, ஊர்ல எல்லாரும் சௌக்கியமுங்களா என்று மரியாதையாகவே கேட்கிறார்கள். டீ வாங்கித் தருகிறார்கள். மிரட்டல் எதுவும் இல்லை. அந்த மரியாதையே போதும், அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பன்னிரண்டு மணிக்கு டவாலி பேரைக் கூப்பிடுகிறார். உள்ளே போனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறு கோர்ட்டில் கேஸ், வாய்தா. இன்னொரு தேதி சொல்லி அனுப்புகிறார்கள். மூன்றாவது தடவை வருவதற்குள் ஊருக்குள் சமாதானம் பேசியாகிவிடும். கோர்ட்டு கேசெல்லாம் நமக்கெதுக்குங்க என்று வீட்டில் உள்ள பெரியவர்களே சொல்வார்கள். அவர் கூண்டேறி, எனக்கு எதுவும் தெரியாதுங்க என்பார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்பார். ஒரு வழக்கு செத்துப்போக ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இது வெறும் அடிதடி வழக்கில் மட்டும் நடப்பதல்ல. 2015 ஜூன் மாதம், ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில் இருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். பட்டியல் சமூகத்து இளைஞர் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்தக் கோயிலில் அவரோடு கடைசியாக இருந்த பெண் முதலில் நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தார். விசாரணையில் கூண்டேறியபோது பிறழ்ந்தார். கோயில் கேமராவில் பதிவான காட்சியைக் காட்டினால், அதில் இருப்பது நான் இல்லை என்றார். மற்றச் சாட்சிகள் பலரும் அதே வழியில் போனார்கள்.

வழக்கை நாமக்கல்லில் நடத்தினால் நீதி கிடைக்காது என்று இறந்தவரின் தாய் போராடி, விசாரணையை மதுரைக்கு மாற்ற வைத்தார். பவானியைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் ப.பா.மோகன் அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞராக வாதாடினார். மனிதர்கள் பேச மறுத்த இடத்தில் கேமரா பதிவும் மற்றத் தடயங்களும் பேசின. 2022 மார்ச் மாதம் மதுரை சிறப்பு நீதிமன்றம் முக்கிய எதிரி யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் திருச்செங்கோட்டு மலைக்கே போய், கேமரா இருந்த இடங்களை நேரில் பார்த்தார்கள். அந்தப் பெண்ணை மறுபடி அழைத்துக் கேட்டார்கள். அவர் அப்போதும் மறுத்தார். அவர் மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கினார்கள். 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள்.

நீதிபதிகளின் கோபம் எனக்குப் புரிகிறது. சட்டப்படி அது சரியும்கூட. ஆனால் அந்தப் பெண்ணைத் திட்டி எழுதியவர்களோடு என்னால் சேர முடியவில்லை. யாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டுமோ அவர்களின் ஆதரவாளர்கள் வரவேற்பு கொடுத்து ஊர்வலம் போகும் மண்ணில்தான் அவர் வாழ வேண்டியிருக்கிறது. அவர் வீடு, உறவு, கல்யாணம், நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளை எல்லாமே இங்கேதான். உண்மையைச் சொல்லும்படி உத்தரவு போட்ட அரசு, சொன்ன பிறகு அவரை எங்கே வைத்துக் காப்பாற்றும் என்று ஒரு வார்த்தை சொன்னதா? அந்த வாக்குறுதி இல்லாத இடத்தில் துணிச்சலை மட்டும் கேட்பது நியாயமில்லை.

சாட்சியைக் காப்பாற்றினால் என்ன நடக்கும் என்பதையும் கோவை பார்த்திருக்கிறது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை மாவட்டக் காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார். அரசாணையிலும் பெயர் வந்தது. அந்தத் தொடக்கத்தைப் பார்த்து, இனி ஒரு பெண்ணும் முன்னுக்கு வர மாட்டாள் என்றுதான் நானும் பயந்தேன். வழக்கு சிபிஐக்குப் போனது. கோவை மகளிர் நீதிமன்றத்தில் பூட்டிய அறைக்குள் விசாரணை நடந்தது. பெயரும் முகமும் வெளியே தெரியாமல் பாதிக்கப்பட்ட பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று நீதிபதி நந்தினி தேவி ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தார். பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கும் சேர்த்து 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார்.

அந்தத் தீர்ப்பு நாளில் எல்லாத் தொலைக்காட்சிகளும் தண்டனையைப் பற்றியே பேசின. அந்தப் பெண்களைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு ஆண்டு. அதற்குள் சிலருக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம், வேலைக்குப் போயிருக்கலாம். எல்லாவற்றையும் மறந்துவிட்டு வாழ எல்லா உரிமையும் அவர்களுக்கு இருந்தது. இருந்தும், ஒரு அறைக்குள் வந்து உட்கார்ந்து, தங்களுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லி, எதிர்த்தரப்பின் கேள்விகளையும் தாங்கினார்கள். வாச்சாத்திப் பெண்களும் இப்படித்தான் நின்றார்கள். 1992-இல் அரூர் அருகே அந்த மலையடிவார ஊரைச் சூறையாடிய 269 அரசு ஊழியர்கள் மீதான வழக்கில், 2011-இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 19 ஆண்டுகள் ஒரு மலைவாழ் ஊர் தன் வார்த்தையிலிருந்து பின்வாங்கவில்லை. இதைவிடப் பெரிய நீதிமன்ற நாடகம் தமிழில் எது இருக்கிறது?

திரையில் இதற்கு அருகே வந்தவர்கள் இல்லாமல் இல்லை. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், குண்டூரில் தான் பட்ட லாக்கப் சித்திரவதையை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். அதை வெற்றிமாறன் ‘விசாரணை’யாக எடுத்தார். அதில் நீதிமன்றக் காட்சி சில நிமிடங்களே வரும். பொய் வழக்கில் நிற்கும் தமிழ் இளைஞர்கள் சொல்வது ஆந்திர நீதிபதிக்குப் புரியவில்லை. வேறு வேலையாக அங்கே வந்த தமிழ்நாட்டுக் காவல் அதிகாரி ஒருவர் மொழிபெயர்த்த பிறகுதான் உண்மை நீதிபதியின் காதில் விழுகிறது. அடுக்குமொழி ஒன்றும் இல்லை. அடித்தார்கள் என்று ஒருவன் சொல்ல, அதை இன்னொருவர் தெலுங்கில் சொல்ல, விடுதலை. எழுபது ஆண்டுத் தமிழ் வசனத்தைவிட அந்தச் சில நிமிடங்கள் நீதிமன்றத்துக்கு நெருக்கமானவை. 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ குறுக்கு விசாரணையை மக்களுக்குப் புரியும்படி காட்டியது. அங்கும் முழு வெளிச்சம் வழக்கறிஞர் மேல்தான் விழுந்தது என்றாலும், கணவனைத் தேடிப் போராடும் செங்கேணியின் பிடிவாதம் அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதற்குமான சட்டமாகவே ஏற்றது. மிரட்டல் உள்ள சாட்சி மனுக் கொடுத்தால், காவல்துறை அச்சுறுத்தலை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். வீட்டுக்குப் பாதுகாப்பு, தொலைபேசி எண் மாற்றம், தேவைப்பட்டால் வேறு ஊரில் குடியமர்த்துதல், எதிரியும் சாட்சியும் நேருக்கு நேர் சந்திக்காமல் விசாரணை, இவையெல்லாம் அதில் உள்ளன. 2022 ஜனவரியில், எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான தனி விசாரணை மையங்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது.

இத்தனை இருந்தும், வராந்தாவில் நிற்கும் விசைத்தறித் தொழிலாளிக்கு இப்படி ஒரு மனு கொடுக்கலாம் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? சம்மனோடு ஒரு துண்டுத்தாள், எளிய தமிழில், பயமிருந்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுதித் தந்தால் என்ன செலவாகிவிடும்? எதிரியின் ஆட்கள் உட்காராத தனி அறை ஒன்று, குடிக்கத் தண்ணீர், வந்த நாளுக்கான படிக் காசு அன்றைக்கே கையில், வாய்தா என்றால் முந்தின நாளே போனில் தகவல். கொங்கு மாவட்டங்களின் வழக்கறிஞர் சங்கங்கள் இந்த நான்கையும் கேட்டுப் போராடினால், நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். கூலியை விட்டு வந்த மனிதரைத் திருப்பி அனுப்பும்போது, அவரோடு சேர்ந்து வழக்கும் வெளியே போகிறது என்பது ஒவ்வொரு அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கும் தெரியும்.

மருதமலைச் சாலையில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரி மாணவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் நீங்கள் வாதத்துக்குப் பரிசு வாங்குகிறீர்கள். மேல்முறையீட்டு வாதம், சட்டப் பிரிவு, முன்தீர்ப்பு எல்லாம் நன்றாக வருகிறது. ஒரு முறை உங்களில் ஒருவர் சாட்சியாகக் கூண்டேறிப் பாருங்கள். தறி ஓட்டுபவராக, சாயப்பட்டறைப் பெண்ணாக, தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் பண்ணையாளாக. எதிரே அமர்ந்திருப்பவர் உங்களுக்கு வேலை கொடுத்தவர் என்று வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்லிப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் தேதியும் நேரமும் குழம்பும்போது தொண்டை எப்படி அடைக்கிறது என்று தெரியும். நாளைக்கு வழக்கறிஞராகும்போது சாட்சியிடம் நீங்கள் கேட்கும் தொனியே மாறிவிடும்.

நாடகம் எழுதுகிறவர்களுக்கும் கோவையில் கச்சாப் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீராமுலு நாயுடு பிற்பாடு புலியகுளத்துப் பட்சிராஜா ஸ்டுடியோவில் ‘மலைக்கள்ளன்’ எடுத்து, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அவர் கூண்டில் நின்ற மாதங்களைப் பற்றி எனக்குத் தெரிந்து ஒரு நாடகமும் இல்லை, ஒரு படமும் இல்லை. லட்சுமிகாந்தன் வழக்கை யாராவது மேடைக்குக் கொண்டுவந்தால், பாகவதரின் கண்ணீரிலிருந்து தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று வேப்பேரியில் கத்திக்குத்தைப் பார்த்ததாக நீதிமன்றத்தில் சொன்னவர்களிலிருந்து தொடங்கட்டும். அவர்கள் உண்மையில் எதைப் பார்த்தார்கள், யார் அவர்களிடம் என்ன கேட்டார்கள், எதைச் சொல்ல வைத்தார்கள், 1947-இல் தங்கள் வார்த்தை நம்பத் தக்கதல்ல என்று நீதிபதிகள் சொன்னபோது அவர்கள் எங்கே இருந்தார்கள். அந்த வேடத்துக்கு நல்ல நடிகர்கள் வேண்டும். பாட்டும் அடுக்குமொழியும் கைகொடுக்காத வேடம் அது.